லேபிளில் மீசை, ஓசைக்குப் பாதகமில்லை

1

கடை திறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. கோயென்ஜியில், ரயில் பாலத்துக்குப் பக்கத்து மாடியில், பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் கடை. மழைக்கு ஒதுங்கினேன். கையில் எடுத்த முதல் தட்டின் உறையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "தட்டு 'ஏ'. உறை 'பி'. லேபிளில் மீசை அதிகம். ஓசைக்குப் பாதகமில்லை."

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த மூலதனம் இவ்வளவுதான். மீதியெல்லாம் நானே போட்டது. வாங்குகிறவரிடம் குறையை முதலிலேயே சொல்லிவிடுவது அந்தக் கடையின் வழக்கம். நானும் சொல்லிவிடுகிறேன்.

[மீசை: தட்டைப் பிளேயரில் வைக்கும்போது நடுக்கம்பி துளைக்குள் இறங்காமல் லேபிளை உரசினால் ஒரு மெல்லிய கோடு விழும். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒரு கோடு. பாட்டு இருக்கும் பகுதியை அது தொடுவதில்லை. கேட்டால் தெரியாது. பார்த்தால் தெரியும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஹயசாக்கா தட்டை விளக்கடியில் சாய்த்தாள். அதன் கருமையில் ஒரு முழு வாழ்க்கையின்"

வாழ்க்கையின் என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஹயசாக்கா அந்தக் கடையில் தரம் பார்ப்பவள். நாற்பது வயது. தப்பே செய்யாதவள் என்று எழுதியிருந்தேன். அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அதனால் அவளுக்குச் சளி பிடிக்கவைத்தேன். தட்டின் மேல் தும்மிவிடக் கூடாதே என்ற பயத்தோடு குனிகிறாள். கொஞ்சம் தேறினாள். ஆனாலும் கதை அவளுடையது இல்லை.

மேசைக்கு இந்தப் பக்கம், ஸ்டூலில், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் ஹரூயோ. எழுபதைத் தாண்டியவள். ஈரக்குடையை மடியில் வைத்திருக்கிறாள். குடை வைக்கும் கூடை வாசலில்தான் இருக்கிறது. பாவாடை நனைவதுகூடத் தெரியாமல் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கவனித்தபிறகு நான் இவள் பக்கம் வந்துவிட்டேன்.

3

அவள் பார்ப்பது தட்டுகளின் அடுக்கை. பக்கத்தில் நிற்கும் கணவர் இனுகாய் சேய்ஜி சேர்த்தவை. எல்லாம் ஜாஸ். மகள் வீட்டுக்கு அருகில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். தட்டுகளுக்கு அங்கே இடமில்லை.

சேய்ஜி புதுத் தட்டை ஒரே முறை ஓட்டுவார், டேப்பில் எடுப்பதற்காக. பிறகு டேப்பைத்தான் கேட்பார். தட்டை வேறு யாரும் தொடக்கூடாது. பிளேயர் அலமாரியின் உச்சியில், அவருடைய நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அவர் பனைமரம் மாதிரி ஆள். [பனைமரம் கோயென்ஜியில் ஏது? இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.] அந்த உயரம் ஹரூயோவின் தலைக்கு வரும்.

அவர் வேலைக்குப் போன பகல்களில் அவள் ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு பியானோ தட்டு. டேப்பில் கேட்டால் என்ன? கேட்டுப் பார்த்தாள். ஊசி இறங்கும் சத்தத்தை அவர் டேப்பிலிருந்து வெட்டியிருந்தார். பியானோ தொடங்குவதற்கு முந்தைய அந்தக் கரகரப்புதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நுனிக்காலில் நின்று, தட்டைத் தலைக்கு மேல் பிடித்து, துளையைத் தடவித் தடவிக் கம்பியில் இறக்குவாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டாள். மாமியார் படுக்கையில் கிடந்தபோது கேட்டாள். ஒன்றும் இல்லாதபோதும் கேட்டாள். முடிந்ததும் உள்ளுறையில் போட்டு, அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், அட்டைக்குள் பக்கவாட்டில் செருகிவிடுவாள்.

[சேய்ஜி உள்ளுறையின் வாயை மேற்பக்கமாகத் திருப்பித்தான் செருகுவார். தட்டு நழுவாது, தூசி போகாது. அடுத்த முறை ஹரூயோ எடுக்கும்போது வாய் மேலேதான் இருக்கும். 'நானேதான் சரியா வச்சிருக்கேன் போல' என்று நினைத்துக்கொள்வாள். இந்தக் குறிப்பைக் கதையில் பல இடங்களில் வைத்துப் பார்த்து, கடைசியில் இங்கே வைத்திருக்கிறேன்.]

அந்தத் தட்டு அடுக்கின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. முடிந்திருந்தால் அதை ஒதுக்கி வைத்திருப்பாள். சேய்ஜி தானே அடுக்கித் தானே கட்டிவிட்டார்.

4

"தட்டு 'ஏ'. உறையும் 'ஏ'," என்றாள் ஹயசாக்கா.

"உறையை நல்லாப் பாரும்மா," என்றார் சேய்ஜி. "மூலையில லேசா மடிஞ்சிருக்கு."

"எனக்குப் பெரிசாத் தெரியல ஐயா."

"தெரியலன்னா கண்ணாடிய மாத்து. 'பி' போடு."

"விக்க வந்தவர் தரத்தக் கொறைக்கச் சொல்லிச் சண்ட போட்டு நான் பாத்ததில்ல."

"இவரு போடுவாரு," என்றாள் ஹரூயோ. "நாகோயாவுல ஒரு கடைக்காரன் நல்ல தரம்னு சொல்லி அனுப்பிச்சான். பிரிச்சா ஒரு கீறல். அதத் தூக்கிக்கிட்டு ரயிலேறிப் போயி அவனத் திட்டிட்டு வந்தாரு. ரயில் காசுக்கு நாலு தட்டு வாங்கியிருக்கலாம்."

"திட்டல. காட்டிட்டு வந்தேன். கீறல் இருந்தா இருக்குன்னு சொல்லணும், அவ்வளவுதான். ஏம்மா, அடுத்ததப் பாரு. என் வீட்டுத் தட்டுல ஒரு மீசை காட்டிட்டீன்னா என் மீசைய எடுத்துர்றேன்."

"உங்களுக்குத்தான் மீசையே இல்லையே ஐயா."

"வளத்து எடுக்கறேன்."

ஹயசாக்கா சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி முழங்கையில் தும்மினாள். ஹரூயோ சிரிக்கவில்லை.

"என்னங்க, மீதிய இன்னொரு நாள் கொண்டு வரலாமே. கீழ ராமென் கடையில கூட்டம் சேந்துரும்."

"பதினொண்ணரைக்கா?"

தட்டு போனால் போகட்டும் அவளுக்கு. ஒரு கீறலுக்காக நாகோயா வரை போன மனிதர், சொல்லாமல் மறைத்த மனைவியை எந்தத் தரத்தில் வைப்பார் என்பதுதான் அவள் பயம்.

5

அந்தத் தட்டு வந்துவிட்டது. ஹயசாக்கா விளக்கடியில் சாய்த்தாள். பாட்டுப் பகுதி சுத்தமாக இருந்தது. பார்வை லேபிளுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

நானும் இந்த இடத்தில் நின்றேன், பல நாள்.

முதல் பிரதியில் சேய்ஜி கடையைக் குற்றம் சொன்னார். ஹரூயோ அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டாள். பாட்டுக் கேட்டதற்காக ஒரு வயதானவளை அழவைப்பதா? கிழித்தேன்.

இரண்டாம் பிரதியில் ஹயசாக்கா ஹரூயோவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், மீசையைச் சொல்லாமல் 'ஏ' போட்டாள். எனக்குப் பிடித்திருந்தது. படித்த நண்பர் கண்கலங்கினார். ஆனால் அந்தத் தட்டை நாளைக்கு யாரோ நம்பி வாங்குவார். அவருடைய கண் கலங்கினால் அது வேறு காரணத்துக்காக இருக்கும். அதையும் கிழித்தேன்.

6

"ஐயா, லேபிள்ல மீசை இருக்கு. நெறையவே இருக்கு."

"எங்க?"

ஹயசாக்கா காட்டினாள். "இது துளையப் பாக்காம தடவிப் போட்ட கை. பிளேயர் எட்டாத ஒசரத்துல இருந்தா இப்படித்தான் விழும். ஓசைக்கு ஒண்ணும் பாதகமில்ல. ஆனா நான் எழுதியாகணும்."

சேய்ஜி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஹரூயோ வாயைத் திறந்தாள்.

"அது வந்து..."

"நான்தான்," என்றார் சேய்ஜி. "கண்ணாடி போடாம வச்சிருப்பேன்."

"உங்க ஒசரத்துக்கு எப்படி ஐயா..."

"நான்தான்னு சொல்றேன்ல. எழுதிக்கோ. அதிகம்னே எழுது."

தட்டுகள் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய். [இதைத் தரத்தைக் கூட்டிச் சொன்னதாகக் கொள்வதா, குறைத்துச் சொன்னதாகவா? எழுதியவனுக்கே தெரியவில்லை.]

சொல்லிக்கொண்டே தட்டை உள்ளுறையில் போட்டார். போட்டவர், பார்க்காமலே, அதன் வாயை மேற்பக்கம் திருப்பி அட்டைக்குள் இறக்கினார். பழகிய கை.

ஹரூயோ அந்தக் கையைப் பார்த்தாள். டேப்பில் எடுத்தபிறகு அவர் தொடவே இல்லை என்று அவள் நம்பியிருந்த தட்டு. அவள் எப்படிச் செருகினாலும், அடுத்த முறை வாய் மேலே பார்த்திருந்த தட்டு. ஒவ்வொரு முறையும்.

காது வரைக்கும் சிவந்தாள். பிறகு எழுந்துபோய்க் குடையைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

7

இதற்குமேல் என்னிடம் இல்லை. தட்டை விற்றார்களா, திரும்பக் கொண்டுபோனார்களா என்று கேட்பீர்கள். நான் கடையில் பார்த்த சீட்டு இவர்களுடைய தட்டில் ஒட்டியது என்று நான் சொல்லவில்லை. [சொன்னேனா? முதல் பகுதியைப் படித்துவிட்டு வந்தேன். இல்லை.] மீசை எத்தனையோ வீட்டில் விழும்.

ஹயசாக்கா பேனாவோடு காத்திருக்கிறாள். "இத எடுத்துக்கவா, வேணாமா?" என்று கேட்டுவிட்டாள். சேய்ஜி மனைவியைப் பார்க்கிறார், அவள் சொல்லட்டும் என்று. அவளோ வேறொன்றைக் கேட்கிறாள். அதற்கு அவர் சொல்லக்கூடிய பதில்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அவர் வாயில் நிற்கவில்லை. உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் அந்தப் பிளேயரை ஒருநாளாவது கீழ எறக்கி வச்சிருக்கக் கூடாதா?"