எலும்பு பிடிக்கும் வரை

கே.கே. நகர் பல் டாக்டர் கிறிஸ்துராஜின் அறையில் அன்று இருந்தவர்கள்: மேல்வரிசையில் முன்பற்கள் மூன்றை இழந்த பாண்டியம்மாள், பித்தளைச் சொம்பால் அவற்றை உடைத்த அவள் புருஷன் உக்கிரபாண்டி, அவனுடைய பெரியப்பாவும் பங்காளிகளில் மூத்தவருமான பேயாண்டி, பாண்டியம்மாளின் தம்பி தவசி, அப்புறம் டாக்டர். உட்கார இடம் போதாமல் உக்கிரபாண்டி சுவரில் சாய்ந்து நின்றான். பல் பார்க்கும் சாய்வு நாற்காலியில் பாண்டியம்மாள் கிடந்தாள். இவ்வளவு சொகுசாக அவள் எங்கும் சாய்ந்ததில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

பல் போனது வைகாசியில். அன்றைக்கே முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஆனையூரில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் செக்கானூரணியில் கூடினார்கள். காலையில் தொடங்கிய பேச்சு பொழுதுசாய முடிந்தது. பேயாண்டி தீர்ப்புச் சொன்னார்.

"உடைச்சவன் பல்லக் கட்டிக் குடுக்கணும். பல்லுக் கட்டுன அன்னைக்கே பொண்ணு புருஷன் வீட்டுக்கு வந்துரணும். அதுவரைக்கும் தம்பி வீட்டுல இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. இதற்கு முன்னும் அவள் இரண்டு தடவை தம்பி வீட்டுக்கு வந்தவள்தான். முதல் தடவை ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அழைத்துப் போனார்கள். கை முறிந்த தடவை, கொலுசு. இந்தத் தடவை பல்.

டாக்டர் அவள் வாய்க்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கழட்டி மாட்டுற செட். இன்னைக்கு அச்சு எடுத்தா அடுத்த வெள்ளிக்கிழமை மாட்டிக்கலாம்."

"அது போதும் சார்," என்றார் பேயாண்டி. சொன்னதோடு நிற்காமல், வாய்க்குள் விரலைவிட்டுத் தன் மேல்செட்டைக் கழற்றி, டாக்டரின் மேசையில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், சட்டென்று இன்னொரு ஆளாகிவிட்டார். "பாரு ஆத்தா. இத வச்சுத்தான் கெடாக்கறி கடிக்கிறேன்."

"ஐயா, மேசையில வைக்காதீங்க."

"கழுவுனதுதான் சார்."

"வெள்ளிக்கிழமை நல்ல நாளு," என்றான் உக்கிரபாண்டி. "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

பாண்டியம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை. அந்த அடுப்படி, அந்தச் சொம்பு. சொம்பை அவன் எதற்கு வெளியே எறியப்போகிறான், எடுத்த இடத்தில்தான் வைத்திருப்பான்.

"இன்னொரு வழி என்ன டாக்டரய்யா?" பல்லில்லாத இடத்தில் காற்றுப் போய் அவள் பேச்சு குழறியது.

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே வெள்ளி நிறத்தில் திருகாணி மாதிரி ஒன்று. "இந்த மாதிரி ரெண்ட எலும்புல எறக்கி, ஈற மூடித் தச்சுருவோம். எலும்பு வளந்து இதப் பிடிச்சுக்கணும். பிடிச்ச பெறகுதான் மேல பல்லு. அது கழறாது, சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும். பம்பாய் போய்ப் படிச்சுட்டு வந்தேன்."

"எம்புட்டுப் பேருக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான் தவசி.

"இன்னும் யாருக்கும் வைக்கல. ஒத்துக்கிட்டா இவங்கதான் முதல் ஆளு. அதனால செட்டுக்கு என்ன வாங்குவேனோ, அதுக்கு மேல வாங்க மாட்டேன்."

"எங்கக்காவ வச்சுக் கை பழகப் போறீங்க."

"கிட்டத்தட்ட," என்றார் டாக்டர். மனுஷன் பொய் சொல்லவில்லை.

"எலும்பு பிடிக்க எம்புட்டு நாளாகும்?" என்றாள் பாண்டியம்மாள்.

"மேல்தாடையாச்சேம்மா. ஆறு மாசம்."

பல் கட்டிய அன்றைக்கு என்பதுதான் தீர்ப்பு. எந்தப் பல் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு விதப் பல்தான் உலகத்தில் உண்டு என்று நினைத்திருந்தார்கள்.

"எனக்கு அதுதான் வேணும்," என்றாள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சாடி? எலும்புல ஓட்ட போடுறேங்கிறாரு, சரிங்கிற!" உக்கிரபாண்டி சுவரைவிட்டு வந்தான். "மாப்ள, உங்கக்காவுக்குச் சொல்லு."

தவசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா... செட்டே நல்லாத்தான் இருக்கும்னு படுது." அவன் வீட்டில் இருப்பது ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அவன் பெண்டாட்டி முனியாயி மூன்று மாதமாகச் சமையல்கட்டில்தான் படுக்கிறாள். பாண்டியம்மாளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

பேயாண்டி இதற்குள் செட்டை மாட்டிக்கொண்டு பழைய ஆளாகியிருந்தார். நாலு பஞ்சாயத்துப் பார்த்த மூளை. "ஏன் சார், ஆறு மாசமும் ஓட்ட வாயோடயா திரியணும்? நடுவுல சும்மா ஒரு செட்டு மாட்டிக்க முடியாதா?"

"முடியும். தற்காலிகமா ஒண்ணு செஞ்சு குடுக்கலாம்."

"அப்ப முடிஞ்சுபோச்சு. திருகையும் வச்சுக்க ஆத்தா, செட்டையும் மாட்டிக்க. செட்டு மாட்டுன அன்னைக்கு வீட்டுக்கு வந்துரு. உனக்கும் சரி, தீர்ப்புக்கும் சரி."

உக்கிரபாண்டி சிரித்தான். தவசிக்கு முகம் தெளிந்தது. டாக்டர்கூட அச்சு எடுக்கும் மாவைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"சும்மா செட்டு எனக்கு வேணாம்," என்றாள் பாண்டியம்மாள். "ஓட்ட வாயாவே இருந்துக்கிறேன்."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சாச்சு." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "திருகு வச்ச பெறகு அந்த இடத்துல அடி பட்டா என்னாகும்?"

டாக்டர் முதல்தடவையாக உக்கிரபாண்டியை முழுசாகப் பார்த்தார். "எலும்பு பிடிக்காது. அம்புட்டும் வீணாப்போயிரும். அங்க ஒரு விரல்கூடப் படக் கூடாது."

"இனிமே அடிக்க மாட்டான். நான் இருக்கேன்ல," என்றார் பேயாண்டி.

"கை முறிஞ்சப்பயும் நீங்க இருந்தீக மாமா."

பேயாண்டி நாக்கால் செட்டை மேலே தள்ளிச் சரிசெய்தார். வெளியே ஏதோ ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேனென்று இருமிக்கொண்டிருந்தது.

"பல்லுக் கட்டுன அன்னைக்குன்னு என் வாயாலதான் சொன்னேன்," என்றார் கடைசியில். "ரெண்டு ஊரு ஆளு கேட்டுருக்கான். இனி அதக் கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. அவ கேக்குற பல்லையே கட்டு."

அடுத்த வாரம் திருகு வைத்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. மிஷின் சத்தம்தான் மண்டைக்குள் கல் உடைப்பதுபோல இருந்தது. டாக்டருக்கு நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. முடிந்தபோது அவள் உதடு மூக்குவரை வீங்கியிருந்தது.

உக்கிரபாண்டியும் கூட வந்திருந்தான். ஆனையூர்வரை பஸ்ஸில் பின்சீட்டில் இருந்துகொண்டே வந்தான். இறங்கி நடக்கும்போது தவசியை முன்னால் போகவிட்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"ஆறு மாசம். அதுக்கப்புறம் எங்கடி போவ?"

அவள் வாய் நிறையப் பஞ்சு. அந்தத் திருகு பிடிக்குமா என்பதே டாக்டருக்கு நிச்சயமில்லை. பிடித்தால் போக வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தக் கழட்டி மாட்டும் செட்டு, அப்போதும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தூங்குவதற்குக் கொஞ்சம் இரவுகள் கிடைத்திருக்கின்றன. அவள் கேட்டதும் அவ்வளவுதான்.

முனியாயி கதவைத் திறந்தாள். வீங்கிய முகத்தைப் பார்த்தாள், பின்னால் நின்றவனையும் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"உள்ள வாங்க மதினி. கஞ்சிதான் வச்சிருக்கேன். ஆறு மாசமும் இருக்கிறதத்தான் குடிக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

பாண்டியம்மாள் நிலைப்படியைத் தாண்டினாள். தவசி சங்கடத்தோடு திரும்பி, "மச்சான், வந்ததுக்கு ஒரு வாய் தண்ணி..." என்று இழுத்தான்.

"அண்ணனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று முனியாயி தவசியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.