தலைக்கு மேல் ஒரு விளக்கு

காலையில் எல்லோரும் கண் சிவந்து வந்தார்கள். ராத்திரி முழுக்க மணலை அள்ளிக் கண்ணில் போட்டது மாதிரி இருந்ததாம். முதலாளி யாரையும் விசாரிக்கவில்லை.

"அந்த ஊதா விளக்குதான். கழட்டு."

அந்த விளக்கை வாங்க வைத்தவளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் பேர் கூச்சல். படத்தில் கடைத்தெருவோ கலவரமோ வந்தால், கூட்டமாகக் கத்த ஆள் சேர்ப்பவள் அவள்தான். முன்னால் நின்று கத்துபவளும் அவள்தான். சன்னல் இல்லாத அறை. டேக் என்றதும் கதவு அடைபடும், ஏசி நிற்கும். ஒரே மைக்கைச் சுற்றிப் பத்து வாய்கள் அடிவயிற்றிலிருந்து கத்தும். ஒருவருக்குச் சளி பிடித்தால் அந்த வாரத்துக்குள் எல்லோருக்கும் பிடிக்கும்.

மற்றவர்களுக்கு அது வெறும் சளி. அவள் தங்கைக்கு அப்படியில்லை. தங்கைக்கு மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கி வைத்திருந்தது. போன மழைக்காலத்தில் கூச்சல் இந்த அறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன காய்ச்சல் தங்கையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. பிழைத்தது பெரும்பாடு.

அதற்குப் பிறகுதான் அவள் முதலாளியை நச்சரிக்கத் தொடங்கினாள். முதலில் காற்று வடிகட்டும் பெட்டி வந்தது. நன்றாகத்தான் உறிஞ்சியது, ஆனால் இரைந்தது. ஈ பறந்தாலே பிடித்துக்கொள்ளும் மைக். டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் மட்டும் ஓடட்டும் என்றார்கள். கத்தும்போதுதானே கிருமி வருகிறது என்றாள் அவள். விடாமல் அலைந்து புற ஊதா விளக்கை வாங்க வைத்தாள். அது சத்தமே போடாது. சுவரின் உச்சியில் இருக்கும். கத்துகிறவர்களின் சூடான மூச்சு மேலே ஏறும், அந்த ஒளியில் கிருமி சாகும். ஒளி ஆள்மேல் படக் கூடாது, அவ்வளவுதான். மாட்டியவர் தங்கை புருஷன், எலக்ட்ரீஷியன்.

கழற்றவும் அவரையே கூப்பிட்டிருந்தார் முதலாளி.

அவர் ஏணியைச் சாத்தியபோது கூச்சல் நிமிர்ந்து பார்த்தாள். கூரையைப் பார்த்திருக்க வேண்டிய விளக்கு, அணைந்துபோய், மைக்கைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"இதை யாரு திருப்பினது?"

வில்லன் தொண்டையைச் செருமினார். வில்லன்களுக்குக் குரல் கொடுத்தே தலை நரைத்தவர்.

"நான்தான்மா, நேத்து. கூரைக்கு எதுக்கு வெளிச்சம், வீணாப் போகுதேன்னு. நமக்கு நேரா அடிச்சா இன்னும் நல்லா வேலை செய்யும்ல."

"நல்லாத்தான் செஞ்சிருக்கு அண்ணே. கிருமியோட சேத்து நம்மளையும் வறுத்துட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்தால் கண் எரிந்தது போல, உடனே நிறுத்தினார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "இன்னிக்கு இவர் திருப்பினார். நாளைக்கு இன்னொருத்தன் திருப்புவான். எவன் கண்ணாவது போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? கழட்டுப்பா."

அது நியாயமான பேச்சு. அதனாலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று ஏறி ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கும்மா."

"விளக்கு இறங்கினா நானும் இறங்கிடறேன் சார். ஒரேயடியா. கலவரத்துக்கு நீங்களே கத்திக்குங்க."

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

எலக்ட்ரீஷியன் கீழிருந்து கிசுகிசுத்தார். "அக்கா, வேலை போயிடும். இறங்கி வாங்க."

"மாப்ள, உங்க பொண்டாட்டி உடம்புல இருக்கிறது என் கிட்னி. ஒண்ணுதான் குடுக்க முடியும், குடுத்தாச்சு. இன்னொண்ணு எனக்கு வேணும். இந்த விளக்கை யாரும் திருப்ப முடியாதபடி பண்ண முடியுமா முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு பையைத் துழாவினார். ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு அரமும் வெளியே வந்தது.

அவள் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறி, விளக்கை மேல்நோக்கித் திருப்பி, திருகுகளை முடுக்கினார். ஒவ்வொரு திருகின் தலையையும் அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். இனி எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காராது. இரும்புத் தூள் முதலாளியின் சட்டையில் உதிர்ந்தது.

"என்னப்பா பண்றே? கழட்டச் சொன்னா..."

"இனிமே யாராலயும் திருப்ப முடியாது சார்."

"கழட்டணும்னா?"

"சுவரோட சேத்துப் பேத்தெடுக்கணும்."

முதலாளி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கலவரக் காட்சிக்கான பதிவு முடிந்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

கூச்சல் சுவிட்சைப் போட்டாள். உச்சியில் மெல்லிய ஊதா பரவியது. மைக் முன்னால் போய் நின்றாள்.

"கதவைச் சாத்தணும் சார். நீங்க உள்ளயா, வெளியயா?"

அவர் வெளியே போனார். கதவு அடைபட்டது.

"கண்ணு எரியறவங்க மூடிக்குங்க," என்றாள் கூச்சல். "வாயை மட்டும் மூடக் கூடாது."