எல்லைக்கோட்டில் ஒரு டிரைவர்

அப்போது நான் ஜெயங்கொண்டம்–கும்பகோணம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். 1984-ம் வருடம். வருடாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார். நோய் இன்னும் வரவில்லையாம், வாசல் வரை வந்து நிற்கிறதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார். அதற்குள் இறங்காவிட்டால் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டார்கள், ஷெட்டில் டயர் கழற்றுகிற வேலைதான். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் நான். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கீழே இறக்குவார்கள் என்றால் கோபம் வராதா?

மாத்திரை வேண்டாம், என் எண்பத்து நாலு கிலோ எடையில் ஆறு கிலோ குறைந்தாலே போதும் என்றார். தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், டீக்குச் சர்க்கரை கூடாது என்றபோதெல்லாம் தலையாட்டினேன். அரிசியை விட்டுவிட்டு வரகுச் சோறும் கீரையும் அளவாகச் சாப்பிடச் சொன்னார். வரகு என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

வரகைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா பண்ணையில் வேலை செய்தபோது கூலியே வரகுதான். நெல் அறுத்தது நாங்கள், நெல்லுச்சோறு தின்றது பண்ணை வீட்டுக்காரர்கள். எங்கள் தெருவில் அது தீபாவளிக்கு மட்டும்தான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே இனி என் வீட்டு அடுப்பில் வரகு ஏறாது என்று சத்தியம் செய்தேன். அன்று முதல் மூன்று வேளையும் நெல்லுச்சோறு, தட்டு வழிய. தொப்பை விழுந்தபோதுகூடப் பெருமையாகத்தான் தடவிக்கொண்டேன். பசிக்குத் தின்றவனில்லை நான், வீம்புக்குத் தின்றவன்.

டாக்டர் சொன்னதை என் மனைவி ஆண்டாயியிடம் சொன்னேன். சந்தைக்குப் போய் வரகு வாங்கி வந்து வடித்து வைத்தாள். தட்டைத் தள்ளினேன். திரும்ப என் முன்னால் இழுத்து வைத்தாள்.

“பண்ணையில அளந்து போட்டது புழுத்த வரகுங்க. இது நான் கையில அள்ளிப் பாத்து வாங்கினது. அவங்க மேல இருக்குற கோவத்தை எதுக்கு உங்க உடம்புல காட்டுறீங்க?”

ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தேன். முதல் வாய் தொண்டையைத் தாண்டவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டாவது வாய் இறங்கியது.

மறுநாள் விடியும்போதே விருத்தாசலம் ரோட்டில் நடந்தேன். பஸ் டிரைவர் நடந்து போவதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் கம்பெனி டிரைவர்களே வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார்கள். வேலை போய்விட்டதா, வீட்டில் சண்டையா என்று விசாரித்தார்கள். முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போன பெண்கள் என் வேக நடையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் வீசி நடந்தேன்.

ஷெட்டில் எல்லாரோடும் உட்கார்ந்துதான் மத்தியானச் சாப்பாடு. முதல் மாதம் முழுக்கத் தூக்குச்சட்டியைப் பாதி மூடியபடியே வைத்துத் தின்றேன். இரண்டாம் மாதம் ஒருநாள் டைம் கீப்பர் சிவசுப்பிரமணியன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ராசாங்கம், பழையபடி வரகுக்கே வந்துவிட்டாயா என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார். அவர் கேட்டது சோற்றைப் பற்றி அல்ல என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூடியைக் கழற்றிவிட்டு, சட்டியைத் தூக்கி பெஞ்சின் நடுவில் வைத்தேன்.

“வந்துட்டேன் சார். நல்லா பாத்துக்குங்க. நாளைக்கும் இதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே கடைசிப் பருக்கை வரை நிதானமாகத் தின்று முடித்தேன். அதற்குப் பிறகு நான் மூடியைத் தேடவில்லை.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் முன்னால் போய் நின்றேன். எடை எழுபத்தேழு. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஆனால் விட்டால் திரும்ப ஏறிவிடும், ஆயுசுக்கும் இதே சாப்பாடு, இதே நடை, உன்னால் முடியுமா என்று சந்தேகமாகக் கேட்டார்.

“எங்க அப்பன் பாட்டனெல்லாம் வேற வழியில்லாம தின்ன சோறு சார் இது,” என்றேன். “எங்க குடும்பத்துல விரும்பித் திங்கிற மொத ஆளு நான்தான். முடியாம என்ன?”