மூன்றாம் ஆபரேட்டர்

…ஆனாலும் தப்பு தப்புதானே, அழகாக அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, துறைத்தலைவரின் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடுமா என்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சின்னவள் ரிவ்யூ அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மறுபடி இடம் மாறி உட்கார்ந்தாள். சின்னவள் என்பது அக்கா கூப்பிடுகிற பேர், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. உள்ளே வேறொரு குழு பேசிக்கொண்டிருந்தது, அடுத்தது இவர்கள்தான், கெமிக்கல் இன்ஜினியரிங் நாலாவது வருஷத்தின் கடைசி ரிவ்யூ, இதைத் தாண்டிவிட்டால் பட்டம்தான். பக்கத்தில் ப்ராஜெக்ட் தோழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை தொடங்கி அரை மணிக்குள் எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்பவள், அதனால் வகுப்பே அவளை அடிஷனல் என்றுதான் அழைக்கும். "இன்னொரு தடவை யோசிச்சுக்கோடி. முதல் ரிவ்யூல கைதட்டு வாங்கின விஷயத்த நாமளே போய் தப்புன்னு சொல்லணுமா? யாராவது கேட்டாங்களா?" யாரும் கேட்கவில்லைதான், அதுதானே கஷ்டம், யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "என் மார்க்கும் இதுலதான் இருக்கு, தெரியும்ல?" தெரியும். "சரி, சொல்லித் தொலை. ஆனா அழுதுடாதே, உன்னைப் பாத்தா எனக்கும் வந்துடும்." இப்படி ஒருத்தி கிடைத்ததற்கே இந்தக் காலேஜுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது.

நாலு வருஷம்… சேர்ந்த புதிதில் சித்தப்பா, "கெமிக்கலா? அப்போ இனிமே வீட்டுக்கு ஃபினாயில் வாங்க வேண்டாம்னு சொல்லு" என்று சிரித்தார், அத்தை புடவைக் கறைக்கு மருந்து கேட்டாள், குழாய் அடைத்துக்கொண்டாலும், எறும்பு வந்தாலும், 'அவளைக் கேளு, கெமிக்கல் படிக்கிறா'. கண்ணாடிக் குடுவையில் ஒரு கரண்டி அளவுக்கு நடக்கிற ஒன்றை லாரி லாரியாக, நாள் முழுக்க, ஒருத்தர் கையும் வெந்துபோகாமல் நடத்துவது எப்படி என்கிற படிப்பு இது என்று யாருக்காவது புரிய வைக்க முடிந்ததா, அக்காவைத் தவிர? அக்காவுக்குப் புரிய வைக்கவே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாவதோடு நின்றவள், குளுக்கோஸ் பாகு ஆலையில் பேக்கிங் கொட்டகையில் டின்னுக்கு மூடி அழுத்தச் சேர்ந்தவள், ஏழே வருஷத்தில் எவாப்பரேட்டர் ஆபரேட்டர் ஆனவள். எவாப்பரேட்டர் என்றால் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிற இரும்புப் பாத்திரம், பாகிலிருக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக விரட்டுகிற இடம், அந்த ஆலையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அக்காதான். வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் சின்னவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் டீ டம்ளரோடு புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்து, "அட, இது எங்க குழாய்தானே? உள்ள அடை கட்டிக்கும்டி, அப்புறம் எவ்வளவு ஆவி விட்டாலும் சூடு ஏறாது" என்றாள், அந்த அடைக்குத்தான் புத்தகத்தில் ஒரு பக்க நீளத்துக்குச் சூத்திரம் இருந்தது. அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு பெருமை, மார்க் வாங்கினபோதுகூட அப்படி வந்ததில்லை… தான் படிப்பது ஏதோ அந்தரத்தில் தொங்குகிற சங்கதி இல்லை, தன் வீட்டிலேயே ஒருத்தி தினம் எண்ணெய்க் கறையோடு அதைத் தொட்டுவிட்டு வருகிறாள் என்று.

ப்ராஜெக்டுக்கு ஆலையில் அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். மேனேஜர் மூன்று மாதத்துக் கணக்கைத் தட்டச்சு செய்து கொடுத்தார், ஆட்கள் பேர் இருக்கக் கூடாது என்று ஆபரேட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் போட்டு. மணிக்கு ஒருமுறை முப்பத்து நாலு இரும்புப் படி ஏறி, உச்சியில் இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து எழுதின எண்கள். இருக்க வேண்டியது எண்பத்திரண்டு டிகிரி. ஒன்றாம் ஆபரேட்டருக்கு எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, இரண்டாமவருக்கும் கிட்டத்தட்ட அதேதான், மூன்றாமவருக்கு எழுபத்தொன்பது, எண்பத்தைந்து, எண்பத்தொன்று, எண்பத்தாறு… வரைபடம் போட்டால் முதல் இரண்டும் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு, மூன்றாவது ஜுரம் வந்தவன் கையெழுத்து. நாலு வருஷமாக ஆய்வகத்தில் எதற்காகக் கால் கடுக்க நின்றோம், முள் ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே, ஆடாத கோட்டைப் பார்த்தால் அப்பாடா என்று இருக்கும்படி கண்ணையே பழக்கிவிட்டார்களே. 'மூன்றாம் ஆபரேட்டருக்குக் கட்டுப்பாடு போதவில்லை' என்று முதல் ரிவ்யூவில் அவள்தான் சொன்னாள், மணி மணியாக, குரல் நடுங்காமல். ஆவி சார் மேஜையைத் தட்டி மெச்சினார், நீராவி பாடம் எடுப்பவர், சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பவர், இரண்டுக்கும் சேர்த்து வைத்த பேர். அன்றைக்கு வந்திருந்த மேனேஜரும் குறித்துக்கொண்டார். பாய்லரிலிருந்து வருகிற ஆவியே நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும்போது பாகு மட்டும் எப்படிம்மா அசையாமல் நிற்கும் என்று ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா… ஒருத்தர் என்ன ஒருத்தர், நீ கேட்டிருக்கக் கூடாதா?

பத்து நாள் கழித்து அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு மாசம் பாக்கறாங்களாம்டி. சரிப்படலைன்னா மறுபடியும் பேக்கிங்தானாம். நல்லதுதான் போ, அங்க ஏணி கிடையாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏன், எதனால் என்று கேட்டால், "ஏதோ ரிப்போர்ட்டாம். சரி, உன் ரிவ்யூ எப்படிப் போச்சு, இன்ஜினியரம்மா? கைதட்டினாங்களாமே, மேனேஜரே சொன்னார்" என்று தலையைத் தட்டிவிட்டுப் போனாள். எந்த ரிப்போர்ட் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மூன்றாம் ஆபரேட்டர் அக்காதான் என்று அந்த நொடிதான் சின்னவளுக்கு உறைத்தது. மறுநாளே ஆலைக்குப் போய் மூலத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அக்காவின் தாள்கள் விரல் ரேகையும் பாகுப் பிசுக்குமாக, ஒவ்வொரு மணிக்கும் பேனா மாறி, ஓரிடத்தில் தண்ணீர் பட்டு ஊறி… ஒன்றாம் ஆபரேட்டரின் தாளோ அலமாரியில் இருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி, எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. தாள் அழுக்கு ஒரு சாட்சியாகுமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோதுதான் கருவிப் பட்டறை அண்ணன், "அந்த தெர்மாமீட்டரா? மாசத்துக்கு ஒருக்கா கழட்டி டெஸ்ட் பண்ணுவோமே, நோட்டுல இருக்கு பாரு" என்று ஒரு நோட்டைத் தள்ளினார். மூன்று முறை கழற்றியிருக்கிறார்கள், நாலு நாலு மணி நேரம். இரண்டு தடவை ஒன்றாமவர் ஷிப்டில், உச்சியில் கருவியே இல்லாத அந்த நேரத்துக்கும் எண்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. மூன்றாவது தடவை அக்காவின் ஷிப்ட். நாலு கட்டத்திலும் ஒரு கோடு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவளுடைய உருண்டை எழுத்தில், 'மீட்டர் இல்லை. ஏறிப் பார்த்தேன்.' கருவி இல்லை என்று தெரிந்த பிறகும் நாலு தடவையா ஏறினாய், லூசு அக்கா, என்று பட்டறையிலேயே நின்று சிரித்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாம் ஆபரேட்டர் ஷிப்டில் ஒருநாளும் கழற்றவில்லை, அவர் ஏறினாரா, ஏறவில்லையா, அது நோட்டுக்குத் தெரியாது.

கதவு திறந்தது. உள்ளே ஏசி சத்தம், நீள மேஜை, ஆவி சார், துறைத்தலைவர், வெளித் தேர்வாளராக மேனேஜரே, மடியில் ஒரு பழுப்புக் கவர். அடிஷனல் முதல் நாலு படங்களைக் காட்டினாள், எவ்வளவு பாகு உள்ளே போனது, எவ்வளவு ஆவியாக வெளியேறியது, கணக்கு இடிக்காமல் நின்றது. பிறகு இவள் முறை. "சார், முதல் ரிவ்யூல நான் சொன்ன முடிவு தப்பு." சொல்லிவிட்டாள், என்ன ஆச்சரியம், முதல் தடவை கைதட்டு வாங்கினபோது இல்லாத ஒரு நிமிர்வு முதுகில் வந்து உட்கார்ந்தது. பட்டறை நோட்டையும் தாள்களையும் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டினாள். ஆவி சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இவங்கள்ளாம் ஏறாமலே எழுதினாங்கங்கறியா?" மீட்டரே இல்லாத அந்த எட்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் சார் சொல்ல முடியும், மத்ததுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. "இரண்டாம் ஆபரேட்டர்?" தெரியாது சார். தெரியாது என்று ஒரு ரிவ்யூவில் இவ்வளவு சத்தமாக அவள் சொன்னதே இல்லை. ஒன்றாமவரை நினைத்தால் பாவமாக இருந்தது, ஓய்வு பெற இரண்டு வருஷம், வீங்கின முட்டி, ஆலைக்கு இவள் ட்ரெயினிங் போன முதல் நாள் தன் ஸ்டூலை இவளுக்குத் தள்ளிவிட்டு நின்றவர். அதனால்தான் கடைசிப் படத்தில் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஒரு குழாயும் ஒரு கம்பியும்தான், தெர்மாமீட்டர் காட்டுவதைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவருகிற ஏற்பாடு. "முப்பத்து நாலு படியை எடுத்துட்டா யாரும் பொய் எழுத வேண்டியிருக்காது சார்." துறைத்தலைவர் பேனாவைத் திறந்தார். மேனேஜர் மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "ஏம்மா, அந்த மூணாவது ஆள் உனக்கு யாருன்னு இவங்களுக்குச் சொன்னியா?" என்றார். அடிஷனல் மூச்சை இழுத்தது காதில் விழுந்தது. இதுதான், இதற்குத்தான் பயந்தாள், வேண்டியவள் என்பதற்காகக் கணக்கை வளைத்தாள் என்று ஆகிவிடும் என்று… ஆனால் வாய் அவளைக் கேட்கவில்லை. "எங்க அக்கா சார். தட்டச்சுத் தாளைப் பார்த்து குறை எழுதினப்போ தெரியாது. இப்போ தெரியும். கருவி இல்லாதப்பவும் ஏறிப் போய்ப் பார்த்துட்டு இல்லைன்னு எழுதினது எங்க அக்காதான்." எங்க அக்கா என்று சொல்லும்போது அந்த அறையில் இருந்த பட்டங்கள் எல்லாம் கொஞ்சம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்ட மாதிரி இருந்தது.

மேனேஜரின் முகம் மெல்ல இளகியது. கெட்டவர் இல்லை, அவரும் நேர்க்கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்தான். "அட, நான் அதுக்குச் சொல்லலம்மா. சந்தோஷமான சேதியோடதான் வந்திருக்கேன்" என்று கவரைத் திறந்து, போன இரண்டு வாரத்துத் தாள்களை மேஜையில் பரப்பினார். "உங்க அக்கா பேக்கிங்குக்கெல்லாம் போகலை. அவங்களும் சரியாயிட்டாங்க, பாரு." பார்த்தாள். அக்காவின் உருண்டை எட்டு, வால் நீண்ட இரண்டு. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு. ஒரு எண்பத்தொன்றாவது, ஒரு எண்பத்துமூன்றாவது எங்கேயாவது தட்டுப்படாதா என்று விரல் வைத்து இறங்கினாள், பதினாலு தாளிலும் இல்லை. பாய்லருக்குப் புது வால்வு போட்டதாக மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார், அப்படியானால் ஆவி சீராக வந்திருக்கலாம், அக்கா வால்வைத் திருகித் திருகி நிஜமாகவே பாகை அடக்கியிருக்கலாம், அவளால் முடியும், அவளால் முடியாதா என்ன… தாளில் பிசுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், இருந்தது, ஆனால் பிசுக்கு ஏணியில் ஏறியும் வரும், கீழே ஸ்டூலில் உட்கார்ந்தும் வரும். "என்னம்மா," என்றார் ஆவி சார், எப்போது எழுந்து பின்னால் வந்து நின்றாரோ, "இப்போ சொல்லு, ஏறினாங்களா, ஏறலையா?" ஊரே தன் கண்ணை நம்பாமல் எழுதினபோது தன் கண்ணை நம்பி எழுதினவள், அவளுடைய கண்ணுக்கு எதிராகத் தங்கையின் படிப்பு ஒன்று அச்சாகி வந்ததும், இன்ஜினியரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று… அக்கா, நீ மேலே போய்ப் பார்த்தாயா, இல்லை என்னைப் பார்த்து எழுதினாயா…