மூன்றாம் பெட்டி

சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருந்த கணவரின் பெட்டிகளை அவள் இரண்டிரண்டாகத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி அவர் உடலைக் கொண்டுவந்துவிடும். அவரைக் கிடத்தவாவது அந்த மேசை காலியாக வேண்டும். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அதில் தட்டு வைக்க இடம் கிடைத்ததில்லை.

"மெதுவாக்கா! ஊசி ஆடினா கால் ஒடிஞ்சிடும்" என்று பதறினாள், அவருடன் மியூசியத்தில் வேலை பார்த்த பெண்.

"யாரு காலு?"

"வண்டு காலு."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் ஏதோ சொல்ல வருகிறார் என்று காதை வாயருகே கொண்டுபோனாள். "மூணாம் பெட்டியில பூச்சி உருண்டை தீர்ந்துபோச்சு" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. இப்படியும் ஒரு மனிதர்.

நாற்பத்தோரு புதுக் கூன்வண்டு இனங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர். டிரைவர் பெயரில் ஒன்று, டீக்கடைக்காரர் பெயரில் ஒன்று. லீவு தராமல் இழுத்தடித்த மேலதிகாரிக்குக்கூட ஒன்று. அந்த அதிகாரி இப்போது முன்னறையில், இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஊர்ல இருக்கிறவன் பேரெல்லாம் வச்சாரு. என் பேரு மட்டும் கண்ணுல படல."

அந்தப் பெண் தயங்கினாள். "வச்சாருக்கா. பன்னெண்டு வருஷம் ஆச்சு. அச்சுலயும் வந்துச்சு."

"எங்கிட்ட சொல்லலையே?"

"கல்யாண நாளன்னிக்குச் சொல்லணும்னு வச்சிருந்தாரு. அதுக்குள்ள அவரே தப்பைக் கண்டுபிடிச்சிட்டாரு. அது புது இனமே இல்ல. முன்னாடியே பேரு வச்ச ஆண் வண்டோட ஜோடி. பெண்ணுக்கு மூக்கு நீளம், அதுல ஏமாந்துட்டாரு. முதல்ல வச்ச பேருதான் நிக்கும். உங்க பேரு செல்லாதுன்னு சாரே எழுதி அனுப்பிட்டாரு."

"முதல்ல வச்சது யாரு பேரு?"

அந்தப் பெண் முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"அடப்பாவி மனுஷா! கண்டுக்காம விட்டிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியுமே அக்கா."

அவள் மூன்றாம் பெட்டியைத் திறந்தாள். வரிசைகளுக்கு நடுவே அந்தப் பெண் விரல் நீட்டிய இடத்தில், அரிசி அளவில் ஒரு வண்டு. ஊசியில் அதன் கீழே அவர் கையெழுத்தில் அவள் பெயர் எழுதிய சீட்டு. அதற்கும் கீழே இன்னொரு சீட்டு, அதிகாரியின் பெயரில்.

"பழைய சீட்டை ஏன் விட்டு வச்சிருக்காரு?"

"தப்புன்னாலும் அதை எடுக்கக் கூடாதுக்கா. எங்க வழக்கம் அப்படி."

பெட்டி மூலையில் குத்தியிருந்த, பூச்சி உருண்டை போட்டுவைக்கும் சிறு துணிப்பை சப்பிப்போய்க் கிடந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அம்மா, வந்தாச்சு" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"வரேன்னு சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்துவிட்டுத் துணி அலமாரிக்குப் போனாள். மடித்த துணிகளுக்கு நடுவே துழாவி, இருந்த பூச்சி உருண்டைகளையெல்லாம் எடுத்து வந்தாள். துணிப்பையில் மூன்றைப் போட்டுப் பெட்டியை மூடினாள். பிறகு மறுபடியும் திறந்து, இன்னொன்றைத் திணித்தாள்.