பின்னர் பார்க்கலாம்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மகள் எட்டிப் பார்க்கவில்லை. அந்த இஞ்சின் சத்தத்தை ஆறு வருடமாக அலுவலகக் கீழ்த்தளத்தில் கேட்டிருக்கிறாள். இயக்குநர்.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தாநாள் சந்தை விழுந்தது. நேற்றுக் காலை டிவி முன்னால் உட்கார்ந்தபடியே அப்பாவும் சாய்ந்தார்; பிறகு எழவேயில்லை.

"உங்க ஆபீஸ்தான் கண்கொத்திப் பாம்பா பாத்துட்டிருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லித்தான் அந்த சிமென்ட் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? "என் பொண்ணே அங்கதான் இருக்கா" என்று பணிமனை முழுக்கச் சொல்லி வைத்தார். அவருடைய முப்பது வருடக் கூட்டாளி வெல்டர் மாமா வீட்டையே அடகு வைத்து வாங்கினார்.

கம்பெனிக்காரர்களே வேறு வேறு பெயர்களில் தங்களுக்குள் வாங்கி விற்று விலையை ஏற்றுகிறார்கள் என்று அவள் மூன்று முறை அறிக்கை எழுதினாள். மூன்றின் ஓரத்திலும் இயக்குநர் பச்சை மையில் எழுதியது ஒன்றுதான்: 'பின்னர் பார்க்கலாம்.'

"ஊரே சம்பாதிக்குது. நீ ஏம்மா அபசகுனமா பேசுற?" என்றார் நேரில்.

அலுவலக விஷயம் வெளியே போனால் வேலை போய்விடும். ஒரே ஒரு தடவை, சாப்பிடும்போது, "அத வித்துடுங்கப்பா" என்றாள்.

"ஏன்?"

தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

இயக்குநர் மலர்வளையத்துடன் உள்ளே வந்தார். "மனச தேத்திக்கம்மா. யாருமே எதிர்பாக்கல. புயல் மாதிரி வந்துடுச்சு."

அவள் ரேசரைத் தண்ணீரில் போட்டாள்.

"புயலா சார்?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"மூணு தடவ எழுதிக் குடுத்தேன். பின்னர் பார்க்கலாம்னு நீங்கதான் எழுதினீங்க. இப்ப பாருங்க. கிட்ட வந்து நல்லாப் பாருங்க!"

அப்பாவின் பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"இது அதுக்கான இடம் இல்ல," என்று முணுமுணுத்து, மலர்வளையத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் வெளியேறினார். சந்தில் காரைத் திருப்ப இடமில்லை. ஹாரன் அடித்தபடி பின்பக்கமாகவே போனது.

கூடத்தில் பணிமனை ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றார் வெல்டர்.

"தெரியும் மாமா."

"எப்பலேந்து?"

"ஒரு வருஷமா."

 அவள் ரேசரைத் தண்ணீரிலிருந்து எடுத்து மிச்ச முகத்தையும் மழித்து முடித்தாள்.

சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுக்கப் போனாள்.

"நீ விடும்மா," என்றார் வெல்டர். "நாங்க பாத்துக்கறோம்."

ஆறு பேர் தூக்கினார்கள். சந்து குறுகல். மகள் சுவரோடு ஒட்டி நின்று, பணிமனை ஆட்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோக வழி விட்டாள்.