இணைப்பு: மூன்று பக்கம்

இராமகிருஷ்ணன் எழுதும் கடிதத்தை உறையைப் பிரிக்கும் முன்பே அடையாளம் சொல்லிவிடலாம். இடது மூலையில் கடித எண், வலது மூலையில் தேதி, அடியில் கோடு போட்டு ‘இணைப்பு’ என்று ஒரு வரி. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து, ஒரு போல்ட் வெளியே போவதற்கு மூன்று படிவம் கேட்டே பழகிய மனிதர். ஓய்வு பெற்று அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் பதினாறு வீட்டுக் குடியிருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்ததும், அவரைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு எவனுக்கும் அந்த வேலை வேண்டியிருக்கவில்லை என்பதுதான் காரணம். அவரோ ஊரே திரண்டு வந்து தலையில் கிரீடம் வைத்ததாக எடுத்துக்கொண்டார்.

முதல் மாடியில் வாடகைக்கு இருந்த ஷாரனுக்கு ஒரே வருஷத்தில் அப்படிப் பதினொரு கடிதம் வந்திருந்தது. பதினொன்றிலும் ஒரே சங்கதி: கருவாட்டு நாற்றம்.

‘மார்ச் 14, மாலை 6.40. முதல் மாடி, வடக்குப் பக்கச் சமையலறை. சகிக்க முடியாத கருவாட்டு நாற்றம். இரண்டாம் எச்சரிக்கை.’

அந்த மார்ச் பதினாலாம் தேதி ஷாரன் வீட்டில் ரசமும் முருங்கைக்கீரைப் பொரியலும்தான். அது தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அந்த வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் அடுப்பேறாது. அன்றைக்கு அவள் கணவன் ஃபெலிக்ஸ் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு படியேறினான். உள்ளே இருந்தது கீரை. பார்த்தவர் இராமகிருஷ்ணன்.

ஷாரன் நேரில் போய்ச் சொன்னாள். “சார், எங்களுக்கு இப்ப நாப்பது நாள் விரதம். நீங்க வேணும்னா வந்து அடுப்படியைப் பாருங்க.”

அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மாட்டிக்கிட்டா எல்லாரும் சாமியைத்தாம்மா துணைக்குக் கூப்பிடுவாங்க. எனக்கு என் மூக்கு சாட்சி.”

அந்த வருஷத்தில் அவர் குறித்து வைத்த நாட்களில் மூன்று, தவக்காலத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. தேதியையும் மணியையும் அவ்வளவு சுத்தமாக எழுதிவைத்துவிட்டு இப்படிப் பொய் சொல்ல ஒரு மனுஷனால் எப்படி முடிகிறது என்பது அவளுக்கு விளங்கவேயில்லை.

பன்னிரண்டாவது கடிதம் நவம்பரில் வந்தது. வரும் பொதுக்கூட்டத்தில், முதல் மாடி வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படும். நகல்: வீட்டு உரிமையாளர். தோகாவில் இருந்த உரிமையாளர் போனில் இழுத்தார். “சங்கம் தீர்மானம் போட்டா நான் என்னம்மா பண்றது? நீங்களே ஒரு இடம் பாத்துக்குங்க.”

மகள் ரியாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. ஃபெலிக்ஸ் அம்பத்தூர் லேத் பட்டறையிலிருந்து வரும் வழியில் நான்கு வீடு விசாரித்தான். நான்கிலும் முதல் கேள்வி “நான்வெஜ்ஜா?” என்பதுதான். ரியா புத்தகத்தை மூடிவிட்டு, “அம்மா, எக்ஸாம் வரைக்குமாவது இங்கயே இருக்கலாம்ல?” என்று கேட்டாள்.

அவள் குமணன்சாவடி சந்திப்புக்கு அருகில் ஒரு சின்னக் காது மூக்குத் தொண்டை மருத்துவமனையில் நர்ஸ். பன்னிரண்டாம் கடிதம் வந்த மூன்றாம் நாள், கடிதம் எழுதியவரே புறநோயாளிச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு மூக்குத் துவாரத்திலும் சதை. உரித்த திராட்சைபோல வெளுத்து, பளபளவென்று, காற்று போக இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“வாசனை தெரியுதா?”

“எங்க டாக்டர்! நாலு வருஷமா ஒண்ணுமே தெரியலை. காப்பியும் ஒண்ணுதான், வெந்நீரும் ஒண்ணுதான். போன மாசம் சிலிண்டர் கசிஞ்சதுகூட எனக்குத் தெரியலை, வீட்ல இவதான் ஓடி வந்து மூடினா.”

“கொஞ்சம்கூட இல்லையா? பெர்ஃபியூம், பெனாயில், கருவாடு?”

“சுத்தமா இல்லை.”

பக்கத்தில் இருந்த அவர் மனைவி பஞ்சவர்ணம், ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டருக்குப் பின்னால் முகக்கவசமும் தொப்பியுமாக நின்று குறிப்பெடுத்த ஷாரனின் பேனா அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் திரும்பி, “எழுதுங்க சிஸ்டர். டோட்டல் லாஸ், நாலு வருஷம்” என்றார். எழுதினாள். இராமகிருஷ்ணனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு வருஷமாக அவள் கையிலிருந்த பையைத்தான் பார்த்தாரே ஒழிய, முகத்தை என்றைக்குப் பார்த்தார்?

மூக்கே இல்லாத மூக்குச் சாட்சி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே அருவருப்பும் வந்தது. பொட்டலத்தைக் கண்ணால் பார்த்து நாற்றத்தைக் கையால் எழுதியிருக்கிறார். கெட்டவனாக இருந்தாலும் ஒரு மரியாதை வைக்கலாம். இந்த மனுஷன் வெறும் பதிவேடு.

ஆனால் கேஸ் ஷீட்டில் படித்தது வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபெலிக்ஸ் கேட்டான். “இன்னாடி ஆச்சு? மூஞ்சே ஒரு மாதிரி கீது?”

“தலைவலி” என்றாள். ஒரு வார்த்தை சொன்னால் வீடு மிஞ்சும். தோசைக்கல்லை மட்டும் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தாள்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியை உள்ளே விட்டு, ஒன்றரை மணி நேரத்தில் சதையை எடுத்தார்கள். இரண்டு துவாரத்திலும் நீளமாகப் பஞ்சை அடைத்து, மூக்குக்குக் கீழே மீசைபோல ஒரு துணிக்கட்டு. கண்விழித்த மனிதர், முன்னால் நின்ற வார்டு உதவியாளர் பூபாலனை விரலால் அழைத்தார்.

“தண்டி.”

“இன்னா அண்ணாத்தே?”

“தண்டி! தண்டி!”

“தண்ணியா? இப்ப குட்க்கக் கூடாது. ரெண்டவர் போவட்டும். வாயால மூச்சு வுட்டுகினு கம்முனு படு. மூக்க சிந்தாதே, குனியாதே, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மு. புர்தா?”

“டீ யாரு எடக்குச் சொல்ல?”

“நான் யாரா? நாளைக்கு உன் பஞ்ச உருவும்போது உன் கைய புட்சிக்கப்போறவன்.”

மறுநாள் பஞ்சை உருவியபோது நிஜமாகவே பூபாலனின் கையைத்தான் பிடித்தார். கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. உருவ உருவ வந்துகொண்டே இருந்த பஞ்சைப் பார்த்து, “இவ்ளோ நீட்டா மூக்குல இடம் கீதா சார்? ஊடே கட்டலாம் போலகீதே” என்று வியந்தான் பூபாலன். அப்போது முகக்கவசத்தை இறக்கியிருந்த ஷாரன் உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறையைச் சொல்லிக் காட்டினாள். இராமகிருஷ்ணன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மார்பில் இருந்த பெயர்ப் பட்டையைப் படித்தார்.

“நீ... முதல் மாடி?”

“ஆமா சார்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சமாவது நெளிந்திருப்பார்கள். அவர் யோசித்தார். யோசித்து முடித்து, “ஆஸ்பத்திரி வேற, அசோசியேஷன் வேற. இதைக் காட்டிச் சலுகை எதுவும் எதிர்பார்க்காதே” என்றார்.

“எதிர்பார்க்கலை சார். தலையைத் தூக்கி வெச்சுக்குங்க.”

பஞ்சவர்ணம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொதுக்கூட்டம் அந்த ஞாயிறு நடக்க வேண்டியது. அவரால் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. சங்கத்தின் விதி பதினாலு சொல்கிறது: உடல்நலம் காரணமாக ஒருவர் கூட்டத்துக்கு வராவிட்டாலோ, கூட்டத்தைத் தள்ளிவைத்தாலோ மருத்துவ ஆதாரத்தை இணைக்க வேண்டும். எழுதியவர் அவரேதான். தரைத்தளத்தில் இருக்கும், திருவேற்காட்டில் டயர் கடை வைத்திருக்கும் மோகன் முன்னொரு தடவை வயிற்றுப்போக்கு என்று சொல்லிக் கூட்டத்துக்கு வராமல் போனபோது, அவனைச் சந்தி சிரிக்க வைப்பதற்கென்றே எழுதிய விதி. மோகனும் அடுத்த கூட்டத்தில் மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நீட்டினான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இராமகிருஷ்ணன் ஷாரனிடம் கேட்டார். “டிஸ்சார்ஜ் சம்மரி எத்தனை பக்கம்?”

“மூணு சார்.”

“மூணும் தெளிவா நகல் வேணும். சங்கத்துக்கு இணைக்கணும்.”

மூன்று பக்கத்தில் இரண்டாவதில், நான்காம் வரியில், அவளே கம்ப்யூட்டரில் ஏற்றிய வாசகம் இருந்தது. பேசாமல் கொடுத்துவிட்டால் முடிந்தது காரியம். ஆனால் அவள் நர்ஸ்.

“சார், அதுக்கு ஒரு மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் போதுமே. டாக்டர்கிட்ட ரெண்டு வரி வாங்கித் தரேன்.”

“ரெண்டு வரி எவன் வேணாலும் எழுதித் தருவான். எனக்கு முழு ரிக்கார்டு வேணும்.”

“உள்ள உங்க சொந்த விவரமெல்லாம் இருக்கு சார். ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு...”

“ஏம்மா, முப்பத்தாறு வருஷம் ரிக்கார்டு பார்த்தவன் நான். எனக்கு நீ படிக்கச் சொல்லித் தர்றியா?”

இரண்டு தடவை சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை சொல்ல அவள் அவருக்கு அம்மா இல்லை. நகல் எடுத்து, ஓரம் சேர்த்து, பின் அடித்துக் கையில் கொடுத்தாள். அவர் பக்கங்களை எண்ணிப் பார்த்தார். மூன்று சரியாக இருந்தது. படிக்கவில்லை.

மறுநாள் காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கடிதம் வந்தது. எண், தேதி, ‘இணைப்பு: மூன்று பக்கம்’. பதினாறு வீட்டில் பதினாலு பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார்கள். மூன்று பக்கத்தையும் திறந்து, விரலால் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தவன் ஒருவன்தான். மாத்திரைச் சீட்டை நீட்டியதை அவன் மறந்திருக்கவில்லை.

ஷாரன் அதைப் பார்க்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. வாடகைதாரர்களுக்கு அனுமதி இல்லை. ஷாரனும் ஃபெலிக்ஸும் விளக்கைப் போடாமல் சமையலறை ஜன்னலோரம் நின்றார்கள். அடுப்பு அணைந்திருந்தது. ரியா உள் அறையில் கணக்குப் போடுவதாகப் பேர்.

இராமகிருஷ்ணன் பதினொரு தேதிகளையும் வாசித்தார். மூக்கில் பொருக்கு கட்டியிருந்ததால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. முடித்ததும் மோகன் எழுந்தான்.

“சார், ஒரு டவுட்டு. இந்த நாத்தத்தையெல்லாம் மோந்தது யாரு?”

“நான்தான். வேற யாரு?”

“உங்க இணைப்புல ரெண்டாம் பக்கம், நாலாவது லைன்ல, நாலு வருஷமா உங்களுக்கு எந்த வாசனையும் தெரியாதுன்னு போட்டுகீது. அப்ப மார்ச் பதினாலாம் தேதி மோந்த மூக்கு யார்து சார்? வாடகைக்கு எட்த்தியா?”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு நான்கு பேர். காகிதம் புரளும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தன்னுடைய இணைப்பை இராமகிருஷ்ணன் முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஓரளவு மானம் மிஞ்சியிருக்கும். அவர் எழுந்தார்.

“அது... அது ஆபரேஷனுக்கு முன்னாடி. டாக்டர்ங்க ஒண்ணை ரெண்டா எழுதுவாங்க. இப்ப சதையை எடுத்தாச்சு. மூக்கு நல்லா வேலை செய்யுது.” முகத்தை அண்ணாந்து, ஷாரனின் இருட்டு ஜன்னலைப் பார்த்து இழுத்தார். “இதோ! இப்பவே வருது! இந்த நிமிஷம் மேல கருவாடு வறுக்கறாங்க. மாலை ஆறு இருபது. எல்லாரும் சாட்சி!”

கூட்டம் மூச்சை இழுத்துப் பார்த்தது. வாசனை வரத்தான் செய்தது. கரிந்து, தித்திப்பும் கசப்புமாக, மூக்கில் ஏறுகிற வாசனை. எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்தது.

பின்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் பதறிக்கொண்டு எழுந்தாள். “ஐயய்யோ, அது நம்ம வீட்டுப் பாலுங்க! அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன்!”

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் சாய்ந்து விழும் அளவுக்குக் கூட்டம் சிரித்தது. மோகன் சிரிக்கவில்லை. “செக்ரெட்டரி சார், இதையும் தேதி போட்டு எழுதிக்கங்க. தீஞ்ச பால் நாத்தம், ரெண்டாவது மாடி, முதல் எச்சரிக்கை” என்றான்.

தீர்மானத்தை முன்மொழிய ஆள் இல்லை. பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் படியேறிப் போனார். மேலே, இருட்டுச் சமையலறையில் ஃபெலிக்ஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“என்கிட்டகூட சொல்லலையே?”

“அது என் வேலை. ரியாவைச் சாப்பிடக் கூப்பிடு.”

மறுநாள் மூக்குப் பொருக்கைச் சுத்தம் செய்ய இராமகிருஷ்ணன் மருத்துவமனைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். டாக்டர் உறிஞ்சு குழாயால் உள்ளே துடைத்துவிட்டு, ஒரு புட்டியைத் திறந்து மூக்கருகில் பிடித்தார். காப்பித்தூள்.

“வாசனை ஏதாவது தெரியுதா?”

அவர் கண் ஷாரன் பக்கம் போய்த் திரும்பிவந்தது. “இல்ல டாக்டர்” என்றார், மிக மெதுவாக.

“பரவாயில்லை, கொஞ்சம் கொஞ்சமா வரும். மூக்கைக் கழுவறதை நிறுத்தாதீங்க. எழுதிக்குங்க சிஸ்டர்.”

ஷாரன் எழுதினாள். தேதி, நேரம், கண்டது. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, வார்டில் எல்லோரிடமும் பேசுகிற அதே மரியாதைக் குரலில் கேட்டாள்.

“நகல் எத்தனை வேணும் சார்?”